கஞ்சித் தொட்டியும் கணைய நீரும்

யானைக்கவுனி என்ற பெயரைக் கேளாதார் சென்னையில் இல்லை. கவுனி என்றால் கோட்டை வாயில். வாயில் இருந்ததென்றால் மதிலும் இருந்திருக்க வேண்டுமன்றோ! இருந்தது. வெள்ளையர் வாழ்ந்த பகுதி வெள்ளையர் நகரம் என்றும், நெய்தும் விற்றும் சுமந்தும் நம்மவர் வாழ்ந்த பகுதி கருப்பர் நகரம் என்றும் பிரித்துப் பேசப்பட்ட காலம் அது. 1769இல் ஐதர் அலியின் படை சென்னையின் வாயில்வரை வந்து கும்பெனியாரை உடன்படிக்கைக்கு இணங்க வைத்தது. அந்த அச்சம் அடங்காத ஆண்டுகளில் கருப்பர் நகரைச் சூழ்ந்து பெருமதில் எழுந்தது. அதன் வாயில்களுள் ஒன்றே யானைக்கவுனி.

மதிலைக் கட்டிய கும்பெனி, அதன் செலவை மதிலுக்குள் வாழ்ந்த மக்களிடமே வரியாகத் தண்ட எண்ணியது. அந்த வரி தண்டப்படவே இல்லை என்பர் வரலாற்றாசிரியர். மதில் பெரும்பாலும் இடிந்தது. வரி ஏட்டோடு நின்றது. வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் மட்டும் நிலைத்தது. ஆனால் அந்த வரி எழுப்பிய கேள்வி இடியவில்லை. ஊர் முழுவதற்கும் வேண்டிய காவலுக்கு யார் விலை கொடுப்பது? ஊரா, தனித்தனி வீடா?

இந்தக் கேள்வியை நாம் இன்று நீரிழிவைப் பற்றிக் கேட்கிறோம். இந்தப் பகைவன் குதிரை மீதேறி வருவதில்லை. குருதியில் கலந்து வருகிறான். முரசறைந்து வருவதில்லை, ஓசையின்றிக் கண்ணைக் கெடுக்கிறான், சிறுநீரகத்தைச் சிதைக்கிறான், காலின் உணர்ச்சியைக் களவாடுகிறான். அவனைத் தடுக்கும் மதில் மருந்து. அந்த மதிலுக்கான வரியோ, அன்று கும்பெனி தண்ட முடியாமற்போன வரியைப் போன்றதன்று. மாதந்தோறும் மருந்துக்கடைச் சீட்டாக அது வீடுவீடாகத் தண்டப்படுகிறது.

யானைக்கவுனியை அடுத்த பார்க் டவுனுக்குச் சென்று பாருங்கள், தோழர்களே! நைனியப்ப நாயக்கன் தெருவில் மருந்து மொத்த வணிகம் நடக்கிறது. இராசப்ப செட்டித் தெருவில் நாட்டு மருந்துக் கடைகள் அணிவகுத்து நிற்கின்றன. பெட்டி பெட்டியாக மருந்து இறங்குகிறது. மூட்டை மூட்டையாக வேரும் பட்டையும் இறங்குகின்றன. இறக்குவது யாருடைய தோள்? சுமை தூக்கும் தொழிலாளியின் தோள். அந்தத் தோளுக்குரியவனுக்கே நீரிழிவு வந்தால், தான் சுமந்த பெட்டிக்குள் இருக்கும் மருந்து அவன் கைக்கு எட்டுமா? இதற்கு விடை வரலாற்றில் இருக்கிறது.

யானைக்கவுனிக்கு வடக்கே, பழைய சிறைச்சாலைச் சாலையில், பழைய மதிலின் எச்சத்துக்கு அருகே நிற்கிறது ஸ்டான்லி மருத்துவமனை. வட சென்னையின் முதியோர் அதனை இன்றும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்பர். அது ஏளனப் பெயரன்று, வரலாற்றுப் பெயர். 1782ஆம் ஆண்டு, போரும் பஞ்சமும் நாட்டை வாட்டிய வேளையில், பசியால் துவண்டு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற அங்கே ஒரு சத்திரம் எழுந்தது. மணியக்காரர் சத்திரம் என்ற அதன் பெயர் ஆங்கிலேயர் நாவில் மோனேகர் சத்திரம் ஆயிற்று. 1799இல் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே நோயாளிகளுக்கென ஒரு விடுதி அமைத்தார். கஞ்சி வார்த்த இடம் மருத்துவம் பார்க்கும் இடமாக வளர்ந்து, 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது.

பசிப்பிணி போக்கிய இடத்தில் சர்க்கரை நோய்க்கு மருத்துவம்! முரணாகத் தோன்றுகிறதல்லவா? நீரிழிவு பணக்காரர் நோய், பட்டு மெத்தையில் புரள்வோர்க்கே வரும் நோய் என்று நெடுநாள் நம்பினோம். அந்த நம்பிக்கையை அறிவியல் அசைத்துவிட்டது. தாயின் வயிற்றில் ஊட்டமின்றி வளரும் கரு, கிடைப்பதைச் சிக்கனமாகச் செலவிடப் பழகிக்கொள்கிறது. அவ்வாறு பிறந்த குழந்தை பிற்காலத்தில் மாவும் சர்க்கரையும் மிகுந்த உணவைச் சந்திக்கும்போது அதன் உடல் திணறுகிறது என்ற கருத்தை ஹேல்ஸ், பார்க்கர் என்னும் இங்கிலாந்து அறிஞர்கள் 1992இல் முன்வைத்தனர். எடையில் மெலிந்தும் கொழுப்பில் மிகுந்தும் பிறக்கும் இந்தியக் குழந்தைகளைப் பற்றிப் புனேயில் நடந்த ஆய்வுகள் அந்தக் கருத்துக்கு வலுவூட்டின. பாட்டன் கிடந்த பட்டினிக்குப் பேரன் குருதியில் கணக்குத் தீர்க்கப்படுகிறது! கஞ்சித் தொட்டியின் வாசலில் நின்றோரின் வழித்தோன்றல்கள், அதே வாசலில் இன்று சர்க்கரை நோய்ச் சீட்டோடு நிற்பதில் வியப்பென்ன இருக்கிறது?

இனி மருந்தின் கதைக்கு வருவோம். சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு இந்நோயை அறிந்த பண்டை மருத்துவர் நம் நாட்டிலும் இருந்தனர். நோயை அறிந்தனர், வேரை அறியவில்லை. 1889இல் ஜெர்மன் ஆய்வாளர்களான மின்கோவ்ஸ்கியும் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றினர். அதற்கு நீரிழிவு வந்தது. நோயின் வேர் கணையத்தில் இருப்பது அப்போதுதான் தெளிவாயிற்று. ஆயினும் மருந்து கிட்டவில்லை. கடும் நீரிழிவு கண்ட குழந்தைகளுக்கு அந்நாளில் மருத்துவர் அளித்த மருந்து என்ன தெரியுமா? பட்டினி! உணவைக் குறைத்துக் குறைத்து, எலும்பும் தோலுமாக்கி, சாவைச் சில மாதங்கள் தள்ளிப்போடுவதே மருத்துவமாக இருந்தது.

1921இல் கனடா நாட்டு டொரண்டோ பல்கலைக்கழகத்தில் பாண்டிங், பெஸ்ட் என்ற இரு இளைஞர்கள், மக்லியாட் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில், கணையத்திலிருந்து ஒரு நீரைப் பிரித்தெடுத்தனர். காலிப் என்ற வேதியியலறிஞர் அதனைத் தூய்மைப்படுத்தினார். 1922 சனவரியில் அந்த நீர் முதன்முதலாக ஒரு மனிதனின் உடலில் ஏறியது. அந்த மனிதன் பதினான்கு வயதுச் சிறுவன் லியோனார்டு தாம்சன். மன்னன் மகனல்லன், மாளிகைச் செல்வனுமல்லன். பொது மருத்துவமனையில் ஏழையருக்கான பகுதியில் கிடந்த பிள்ளை. அவன் பிழைத்தான், மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். இன்சுலின் முதலில் காத்த உயிர் ஓர் ஏழையின் உயிர் என்பதை நெஞ்சில் பொறித்துக்கொள்ளுங்கள்.

கண்டறிந்தோர் அதற்கு என்ன விலை கேட்டனர்? 1923இல் காப்புரிமையைத் தலைக்கு ஒரே ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். எவரும் அதனைத் தனியுடைமையாக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. கண்டுபிடித்தவன் ஒரு டாலருக்குக் கொடுத்த பொருள், நூறாண்டு கழித்து எந்நிலையில் இருந்தது? உலக இன்சுலின் சந்தையின் மிகப் பெரும் பகுதி மூன்றே மூன்று நிறுவனங்களின் பிடியில் இருந்தது. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலேயே, விலைக்கு அஞ்சி ஊசியின் அளவைக் குறைத்துப் போட்டுக்கொண்டோர் உண்டு. முதியோர்க்கான அரசு காப்பீட்டில் மாதத்துக்கு 35 டாலருக்கு மேல் இன்சுலினுக்குப் பெறக் கூடாதென்று 2022இல் அந்நாடு சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. அறிவு கொடையாகத் தந்ததை ஆதாயம் சிறைப்பிடித்தது. ஒரு பொருள் கண்டறியப்படுவது ஒன்று. அது மக்கள் கைக்கு வந்து சேர்வது வேறொன்று. இரண்டுக்கும் இடையே நிற்கும் வாயிலுக்குப் பெயர் அரசின் கொள்கை.

இன்னொன்றும் எண்ணத் தக்கது. உயிரணுக்களைக் கொண்டு மனித இன்சுலின் செய்யும் முறை 1978இல் பிறந்து, 1982இல் விற்பனைக்கு ஒப்புதல் பெற்றது. அதற்கு முன் இன்சுலின் எங்கிருந்து வந்தது? மாட்டின் கணையத்திலிருந்தும் பன்றியின் கணையத்திலிருந்தும்! இந்தியாவில் அதன் பின்னும் பல ஆண்டுகள் விலங்கு இன்சுலின் புழங்கியது. மாடு புனிதம் என்றோர், பன்றி விலக்கு என்றோர், புலாலின் வாடையே ஆகாதென்றோர் ஆகிய எல்லார் உடலிலும் அது ஊசி வழியே புகுந்து உயிர் காத்தது. உயிர் ஊசலாடும் வேளையில் ஆசாரம் ஒதுங்கி நிற்கிறது, அறிவியல் கைகொடுக்கிறது. எவரையும் நகையாட இதனைச் சொல்லவில்லை. எது காக்கும் என்பதை உடல் அறிந்திருக்கிறது, உள்ளமும் அறியட்டும் என்பதற்காகவே சொல்கிறோம்.

மீண்டும் கஞ்சித் தொட்டிக்கு வருவோம். 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில், மருத்துவர் ம. விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவொன்றைத் தொடங்கினார். இந்தியாவில் அத்தகைய பிரிவுகளுக்கு அதுவே முன்னோடி என்பர். 1954இல் இராயபுரத்தில் அவர் நிறுவிய மருத்துவமனை 1971இல் நீரிழிவுக்கே உரிய மருத்துவமனையாக மாறியது. இந்திய நீரிழிவு மருத்துவத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் துறைமுகத்தை அடுத்த இந்தத் தொழிலாளர் பகுதியை விட்டுவிட்டு எழுத முடியாது. பெருமைதான்! ஆனால் பெருமை மட்டும் போதுமா? மருத்துவர் சீட்டு எழுதலாம்; சீட்டை மருந்தாக்குவது யார்?

இங்கேதான் சட்டத்தின் கதை தொடங்குகிறது. ஆங்கிலேயர் 1911இல் செய்த காப்புரிமைச் சட்டம், விடுதலைக்குப் பின்னும் நம் மருந்துச் சந்தையை அயல்நாட்டு நிறுவனங்களிடம் விட்டுவைத்தது. அதனை ஆராய்ந்து 1959இல் அறிக்கை அளித்தவர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய இராசகோபால அய்யங்கார். அந்த அறிக்கையின் அடிப்படையில் 1970இல் புதுச் சட்டம் பிறந்து, 1972இல் நடைமுறைக்கு வந்தது. மருந்து என்னும் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, அதனைச் செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு என்றது அச்சட்டம். ஒருவன் ஒரு வழியில் செய்த மருந்தை மற்றொருவன் வேறு வழியில் செய்யலாம். இந்தியத் தொழிற்சாலைகள் எழுந்தன, விலை இறங்கியது, இந்திய மருந்து உலகின் ஏழை நாடுகளுக்கெல்லாம் சென்றது.

உலக வணிக அமைப்பின் உடன்படிக்கைப்படி 2005இல் அந்த வாயில் பாதி மூடப்பட்டது. பொருளுக்கும் காப்புரிமை வந்தது. ஆயினும் பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதிதென்று சொல்லிக் காப்புரிமையை நீட்டக் கூடாதென்ற தடை அச்சட்டத்தில் இருந்தது. அந்தத் தடை செல்லாதென்று நோவார்ட்டிஸ் என்ற அயல்நாட்டு நிறுவனம் வழக்குத் தொடுத்தது. வழக்கு நடந்த இடம் யானைக்கவுனியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் சென்னை உயர்நீதிமன்றம். 2007 ஆகஸ்டில் அந்த வழக்கு தள்ளுபடியாயிற்று. 2013இல் உச்சநீதிமன்றமும் அந்நிறுவனத்தின் புற்றுநோய் மருந்துக்குக் காப்புரிமை இல்லை என்றது. புற்றுநோய் மருந்துக்கும் சர்க்கரை நோய்க்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். சிட்டாகிளிப்டின் என்ற நீரிழிவு மாத்திரையைப் பாருங்கள். 2022இல் அதன் காப்புரிமை முடிந்தது. பல நிறுவனங்கள் அதனைச் செய்யத் தொடங்கின. விலை மளமளவென்று சரிந்தது. நேற்றிருந்த அதே மாத்திரை, அதே சரக்கு! உரிமை முடிந்த மறுநாளே விலை இறங்குமானால், அதுவரை நோயாளி கொடுத்தது மருந்தின் விலையா, மதிலின் வரியா?

மருந்தை மலிவாகச் செய்வது பாதி வழி. மக்களிடம் சேர்ப்பது மறுபாதி. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டது. இன்றியமையா மருந்துகளின் பட்டியலை வகுத்து, வணிகப் பெயரை நோக்காமல் மருந்தின் பெயரால் ஒப்பந்தப்புள்ளி கோரி, மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளின் வழியே அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் முறையை அது கண்டது. பிற மாநிலங்கள் அதனைப் பார்த்துத் தாமும் கழகங்கள் அமைத்தன. 2021 ஆகஸ்டில் கிருட்டினகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம், நீரிழிவு மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் வீட்டுக்கே கொண்டு சென்றது. 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது அதனைத் தேடி வந்தது. நோயாளி மருந்தைத் தேடி அலைந்த காலம் போய், மருந்து நோயாளியைத் தேடி நடந்த காலம் வந்தது. அன்று அரிசிக் கஞ்சி வார்த்த அதே அறம், இன்று மாத்திரையாக வாசற்படி ஏறுகிறது.

ஆனால் பணி முடிந்துவிடவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வு, இந்நாட்டில் நீரிழிவு கொண்டோர் 10 கோடிக்கும் மேல் என்றும், அதன் விளிம்பில் நிற்போர் 13 கோடிக்கும் மேல் என்றும் கணித்தது. 1948இன் இ.எஸ்.ஐ. சட்டம் ஆலைத் தொழிலாளிக்கு மருத்துவப் பாதுகாப்பைத் தந்தது. மீன்பாடி வண்டி மிதிப்பவனும், தெருவில் காய்கறி விற்பவளும் அதன் குடைக்கு வெளியே நிற்கின்றனர். மாத்திரை விலையின்றிக் கிடைத்தாலும், வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவிக்கும் அதன் பட்டைகளுக்கும் காசு வேண்டும். மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் கூலி போகிறது. உணர்ச்சியற்ற காலில் ஆணி குத்தினாலும் தெரியாது, புண் புரையோடும், இறுதியில் காலையே எடுக்க நேரும். எம்.சி.ஆர். ரப்பரில் செய்த ஒரு மெத்தென்ற செருப்பு பல கால்களைக் காக்கும். செருப்பும் மருந்துதான் என்பதைப் பட்டியல் வகுப்போர் உணர வேண்டாமா?

மற்றொரு மதிலும் உண்டு. அது மடமை மதில். சர்க்கரையை வேரோடு அழிப்போம், ஊசியைத் தூக்கி எறியுங்கள் என்று கூவும் விளம்பரங்களைச் சுவரிலும் திரையிலும் காண்கிறோம். நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டின் மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். சட்டம் பிறந்து எழுபது ஆண்டு கடந்தும் கூவல் ஓயவில்லை. கணையம் முற்றிலும் ஓய்ந்த குழந்தையின் இன்சுலினை நிறுத்தச் சொல்பவன் மருத்துவனல்லன். கொலைக்கு நாள் குறிப்பவன்! வேரிலும் பட்டையிலும் மருந்தே இல்லை என்று நாம் சொல்லவில்லை. இருப்பின் ஆய்வுக்கூடத்துக்கு வரட்டும், அளந்து காட்டட்டும், மெய்ப்பிக்கட்டும் என்கிறோம். மேல்நாட்டு மாத்திரைக்கும் நாம் வைக்கும் அளவுகோல் அதுவே.

ஆகவே தோழர்களே, உங்கள் படிப்பகத்திலும் மன்றத்திலும் பேசும்போது இந்த வரலாற்றையும் பேசுங்கள். முப்பது வயது கடந்த தாயையும் தந்தையையும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று குருதியைச் சோதிக்கச் செய்யுங்கள். மருந்து இல்லை என்று ஒரு நாள் சொல்லப்பட்டால், ஏன் இல்லை என்று எழுதிக் கேளுங்கள். போலி விளம்பரத்தைக் கண்டால் புகார் கொடுங்கள். இலவசம் என்று எவரேனும் இகழ்ந்தால், அது நம் வரிப்பணத்தில் நாம் கட்டிய மதில் என்று விளக்குங்கள். ஊர் முழுவதும் சேர்ந்து சுமந்தால் இலேசாகும் சுமையை ஒரே வீட்டின் தலையில் ஏற்றினால் அந்த வீடு சரியும். மருந்துப் பெட்டியைச் சுமப்பவனின் வீடு சரியாமல் நிற்கும் நாளில்தான், 1782இல் அந்தத் தொட்டியில் வார்த்த கஞ்சிக்குப் பொருள் நிறைவு பெறும்.