இசைத்தட்டு கூறும் சான்று

வீணை தனம்மாள், கோயமுத்தூர்த் தாயி போன்றோரின் இசையை நேரிற் கேட்டவர் இன்று அரியர். அவர்தம் பழைய தட்டுகள் கணினி வழியே கிடைப்பதால், ஜொகூர்த் தோட்டத்தில் இருப்பவரும் கேட்டு மதிப்பிடலாம். ஆயினும் கல்வெட்டின் செய்தியை நம்புமுன் அதன் எழுத்தை ஆராய்வதுபோல, தட்டைப் போற்றுமுன் அது பதிந்த முறையை ஆராய்தல் வேண்டும்.

1902 நவம்பரில் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் கௌகர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். அந்நாளில் ஒலிவாங்கி இல்லை. கூம்புக் குழலின் வாயருகே நின்று உரக்கப் பாட வேண்டும். அவ்வொலியின் அதிர்வே மெழுகில் கோடிழைக்கும். மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலி சரியாகப் பதியாது. பாட்டும் ஏறக்குறைய 3 நிமிடத்தில் முடிய வேண்டும்.

இவை கேட்டவுடன் புலப்படும் குறைகள். புலப்படாத குறை ஒன்றுண்டு, அது வேகம். நிமிடத்துக்கு 78 சுற்று என்பது பின்னர் நிலைபெற்ற வழக்கு. தொடக்க காலத் தட்டுகள் பல, அதனினும் குறைந்தோ மிகுந்தோ சுழன்று பதிந்தவை. 70 சுற்றில் பதிந்த தட்டை 78-இல் சுழற்றினால் என்ன ஆகும்? 4 கட்டையில் பாடிய குரல் ஏறத்தாழ 5 கட்டைக்கு ஏறும். 200 விநாடிப் பாட்டு 180 விநாடியில் முடிந்துவிடும். சுரங்களுக்கிடையே உள்ள விகிதம் மாறாததால் இராகம் கெடாது. ஆகவே செவி ஐயுறுவதில்லை. "அக்காலத்தவர் பிருகா மின்னலன்றோ!" என்று வியக்கிறோம். அவ்வியப்பில் ஒரு பங்கு இயந்திரத்துக்கு உரியதாகலாம். மாறாக, தட்டு மெதுவாகச் சுழன்றால் நல்ல பாடகரும் சோர்ந்து பாடியவராவார். பக்கத்தில் ஆர்மோனியம் ஒலித்தால் அதன் சுருதி ஒரு துப்பு. அவரே அன்று பதிந்த பிற தட்டுகளின் சுருதி மற்றொன்று. இவற்றை ஒப்பிடாமல் பாணியைப் பற்றித் தீர்ப்புக் கூறுதல் அவசரமாகும்.

1925-இல் மின்முறைப் பதிவு வந்தபின் மெல்லொலிக்கும் இடம் கிடைத்தது. தனம்மாளின் வாசிப்பு, அருகிருந்து கேட்கத்தக்க மென்மையுடையது. அவர் தட்டுகள் 1930-களில், அறுபது கடந்த முதுமையில் பதிந்தவை. அவற்றில் நாம் கேட்பது அவர் கலையின் அந்திப்பொழுதே; இளமை வாசிப்புக்குத் தட்டுச் சான்று இல்லை.

காஞ்சிபுரம் நாயனா பிள்ளையோ தட்டில் பாட உடன்படவே இல்லை. மிருதங்கம், கஞ்சிரா, கடம் எனத் தாளவாத்தியங்கள் பல சூழப் பல்லவி பாடிய அவரை 3 நிமிடத்துள் எவ்வாறு அடக்குவது? 1934-இல் அவர் மறைந்தார். அவர் இசைக்கு, கேட்டோர் எழுதிவைத்த சொல்லும் மாணவர் பாட்டுமே எஞ்சின.