உறையுளும் கல்வியும்: சென்னையில் நம்மவர் குடியிருப்பு வரலாறு

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றும் மாந்தர்க்கு இன்றியமையாதன என்று பள்ளியில் பயின்றோம். முதல் இரண்டையும் உழைத்து ஈட்டிக்கொள்ளலாம். மூன்றாவதற்கோ பிறருடைய இசைவும் வேண்டியிருக்கிறது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் உயர்கல்வி பயின்று திரும்பிய அண்ணல் அம்பேத்கருக்கு 1917-இல் பரோடா நகரில் வாடகைக்கு ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மாற்றிக்கொண்டு தங்கினார். சில நாட்களில் தடி ஏந்தி வந்தோர் அவரை வெளியேற்றினர். பொதுப் பூங்கா ஒன்றில் அவர் கலங்கி அமர்ந்திருந்த வரலாற்றை நம்முள் அறியாதார் இலர்.

அவர் பம்பாயில் குடியிருந்த இடத்தைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1896-இல் அந்நகரைப் பிளேக் நோய் தாக்கிய பின், 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் நிறுவப்பட்டது. அது தொழிலாளர்க்குக் கட்டிய அடுக்குக் குடியிருப்புகளுள் ஒன்று பரேல் பகுதியில் இருந்தது. அங்கே இரண்டே அறைகளில் 1912 முதல் 1934 வரை அண்ணலின் குடும்பம் வாழ்ந்தது. இட நெருக்கடிக்குக் குறைவில்லை. எனினும் அவர் பேராசிரியராய்ப் பணியாற்றிய சைடன்ஹாம் கல்லூரியும், வழக்காடிய உயர்நீதிமன்றமும் அதே நகரில் சென்று திரும்பும் தொலைவில் இருந்தன. 1924-இல் அவர் தொடங்கிய பஹிஷ்கிருத ஹிதகாரிணி சபையின் அலுவலகம் பரேல் தாமோதர் மண்டபத்திலேயே நடந்தது. ஆலைத் தொழிலாளர் அவரைக் காண நடந்தே வந்தனர். அறை சிறிதாயினும் அது நகரின் உள்ளே இருந்தது என்பதை நம் இளைஞர்கள் கருத்திற்கொள்ளல் வேண்டும். சென்னையில் நம்மவர் எய்தியதையும் இழந்ததையும் அளக்க இதுவே நமக்கு அளவுகோல்.

1876-78 ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சம் செங்கற்பட்டு, வட ஆற்காடு முதலிய பகுதிகளிலிருந்து உழவுக் கூலிகளைச் சென்னைக்கு விரட்டியது. துறைமுகமும் இரயில்வேயும் பஞ்சாலைகளும் வளர்ந்த காலம் அது. வேலை நடந்த இடத்தின் அருகே, பிறர் விரும்பாத தாழ்நிலத்தில் நம்மவர் குடிசையிட்டனர். புளியந்தோப்பு, பெரம்பூர், வியாசர்பாடி ஆகியவை அவ்வாறு பெருகியவை. அங்கும் நிலைபேறு இல்லை. 1921-இல் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது எழுந்த பூசலில் புளியந்தோப்பு ஆதிதிராவிடர் குடிசைகள் தீக்கிரையாயின. பெருந்தலைவர் எம்.சி. ராஜா அம்மக்களுக்காகக் குரல் கொடுத்தார். அதற்கு ஓராண்டு முன்னர் அமைந்த அரசின் தொழிலாளர் துறை, தாழ்த்தப்பட்டோர்க்கு வீட்டு மனை வழங்கும் பணியை மேற்கொண்டிருந்தது. ஆயினும் பெருகிவரும் நகரின் தேவைக்கு அது எம்மாத்திரம்!

1970-இல் குடிசை மாற்று வாரியம் தோன்றியதும், மறு ஆண்டு குடிசைப் பகுதிகள் சட்டம் இயற்றப்பட்டதும் பெரும் திருப்பங்கள். குடிசை இருந்த இடத்திலேயோ அதன் அருகிலேயோ அடுக்கு வீடு எழுப்புவது வாரியத்தின் தொடக்க நோக்கம். கோடைதோறும் தீயில் வெந்து, மாரிதோறும் நீரில் மிதந்த குடும்பங்களுக்குக் காரைக்கூரை கிட்டியது சிறு பேறன்று. குறை கூறுமுன் இதனை நாம் நன்றியுடன் சொல்லியாக வேண்டும். அச்சட்டத்தின்படி 1971-இல் சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985-இல் மேலும் 17 சேர்ந்தன. அதன்பின் பல்லாண்டுகள் அப்பட்டியல் வளரவில்லை, குடிசைகளோ வளர்ந்தன. பட்டியலில் இடம்பெறாத பகுதி சட்டத்தின் கண்ணுக்குப் புறம்போக்கு ஆக்கிரமிப்பு மட்டுமே. தண்ணீர்க் குழாய் கேட்டால் "உங்கள் பகுதி பட்டியலில் இல்லை" என்பார்கள். இந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை தெருக்களின் கதை அடங்கியிருக்கிறது!

நிலத்தின் விலை ஏற ஏற, இருந்த இடத்திலேயே வீடு என்னும் கொள்கை பின்தங்கியது. 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகர், அதன்பின் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எனப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்துப் பல்லாயிரம் வீடுகள் எழுந்தன. கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் மேல். அவற்றுள் முதலில் கட்டியவை 200 சதுர அடியையும் எட்டாதவை. 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின், அடையாறு, கூவம் கரைகளிலிருந்த குடும்பங்கள் பெரும்பாக்கத்தின் எட்டடுக்குக் கட்டடங்களுக்கு மாற்றப்பட்டன. வெள்ளத்திற்குத் தப்புவித்தோம் என்றனர்; கொண்டுபோய் விட்ட இடமும் சதுப்பின் ஓரமே! அங்கே சென்றவர் யாவரும் நம்மவர் அல்லர்; மீனவரும் பிற வகுப்பு ஏழைகளும் உண்டு. ஆனால் நம்மவர் மிகுதி.

இழப்பை நாம் கண்கூடாகக் கண்டோம். நம் மாலை வகுப்புக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகள் சிலர் ஆண்டின் நடுவே ஒருநாள் வரவில்லை. விசாரித்தபோது, "வீடு மாத்திட்டாங்க ஐயா" என்றார் ஒரு பிள்ளையின் பாட்டி. தேர்வுக்கு மூன்றே மாதம் இருந்தது. பழைய பள்ளிக்கு வர விடியலில் பேருந்து ஏற வேண்டும். புதிய பள்ளியில் இடத்திற்கு அலைய வேண்டும். ஓராண்டு சென்று மீண்டவர் இருவர். ஏனையோரில் சிலர் வேலைக்குச் சென்றுவிட்டனர். வீட்டு வேலை செய்துவந்த தாய்மாரின் ஊதியம் பேருந்துக்கே கரைந்தது. சுவரும் கதவும் குழாயும் கொடுத்தவர்கள், தொலைவைக் கணக்கில் எழுத மறந்தார்கள்.

நீதிமன்றம் இதனை அறியாததன்று. பம்பாய் நடைபாதைவாசிகள் தொடுத்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985-இல், வாழும் உரிமையுள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று உச்சநீதிமன்றம் கூறியது. வேலை நடக்கும் இடத்தை விட்டு அகற்றினால் பிழைப்பே போய்விடும் என்பதும் அங்கே எடுத்துரைக்கப்பட்டது. ஆயினும் அகற்றுதலையே அது தடுக்கவில்லை. முறைப்படி முன்னறிவிப்பு வேண்டும் என்றே வற்புறுத்தியது. எனவே, அறிவிப்பு ஓட்டப்படும் நாளில் அதைப் படித்து, தேதி குறித்து, எழுத்தில் மறுமொழி தர வல்ல ஒருவரேனும் தெருவுக்குத் தெரு இருத்தல் வேண்டும். ஒதுக்கீட்டு ஆணையையும் தவணை இரசீதுகளையும் காத்து, கிரயப் பத்திரத்தைக் கேட்டுப் பெறுவதும் அவர் பணியே. தவணை முடித்தும் பத்திரம் பெறாதோர் நம் உறுப்பினருள்ளேயே இருக்கின்றனர். அவர்கள் சங்கச் செயலாளரை அணுகலாம்.

2021-இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாற்றப்பட்டது. கண்ணகி நகர் என்று முகவரி எழுதினால் வேலை கிட்டாது என அஞ்சி, துரைப்பாக்கம் என்று மட்டும் எழுதிய இளைஞர் பலரை நாம் அறிவோம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் பெண்கள் கபடியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய கார்த்திகாவை, நாடு முழுவதும் "கண்ணகி நகர் கார்த்திகா" என்றே அழைத்தது.