ஸ்கூல் லீவுதானே, வேகமா போகலாமா? பள்ளி அருகே வேக வரம்பு பற்றி சட்டம் சொல்வது என்ன?

ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணி. ரோடு காலி. வழியில் ஒரு பள்ளிக்கூடம், கேட் பூட்டியிருக்கிறது. அதற்குச் சற்று முன்னால் '30' என்று எழுதிய வட்டப் பலகை. உங்கள் ஸ்பீடோமீட்டரோ 50-ஐக் காட்டுகிறது. "ஸ்கூல்தான் லீவாச்சே, இப்ப யாருக்காக மெதுவா போகணும்?" என்று தோன்றுவது இயல்புதான். ஆனால், அங்கே கேமரா இருந்தால் உங்கள் மொபைலுக்கு இ-சலான் வரலாம். அது நியாயமா?

சுருக்கமான பதில் இதுதான்: பலகையில் நேரமோ நாளோ குறிப்பிடப்படவில்லை என்றால், அந்த வரம்பு 24 மணி நேரமும், ஆண்டு முழுவதும் பொருந்தும். விடுமுறை, இரவு நேரம் எதற்கும் விலக்கு கிடையாது.

வரம்பை யார் முடிவு செய்கிறார்கள்?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ல் நாடு முழுமைக்கும் பொதுவான 'பள்ளி மண்டல வேகம்' என்று ஓர் எண் இல்லை. அந்தச் சட்டத்தின் 112-வது பிரிவு, பொதுமக்களின் பாதுகாப்பு கருதியோ சாலையின் தன்மை கருதியோ ஒரு குறிப்பிட்ட பகுதிக்கு வேக வரம்பு விதிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கும், அது அனுமதிக்கும் அமைப்புகளுக்கும் தருகிறது. அதை அரசிதழில் அறிவித்து, உரிய இடத்தில் பலகையும் வைக்க வேண்டும். அந்தப் பலகை சொல்வதைப் பின்பற்ற வேண்டியது ஓட்டுநரின் கடமை என்கிறது 119-வது பிரிவு.

ஆக, சட்டம் பார்ப்பது பலகையை. பள்ளியின் காலண்டரை அல்ல.

வட்டமா, முக்கோணமா?

இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

சிவப்பு விளிம்பு வட்டத்துக்குள் எண் இருந்தால், அது கட்டாயப் பலகை. அந்த வேகத்தைத் தாண்டினாலே விதிமீறல். கீழே சிறு பலகையில் நேரம் எழுதியிருந்தால் மட்டுமே, அந்த நேரத்தோடு வரம்பு நிற்கும்.

சிவப்பு விளிம்பு முக்கோணத்துக்குள் பிள்ளைகளின் உருவம் இருந்தால், அது எச்சரிக்கைப் பலகை. 'அருகே பள்ளி இருக்கிறது, கவனம்' என்பதே அதன் பொருள். அது மட்டும் இருந்தால், அந்தச் சாலைக்கான வழக்கமான வரம்பே பொருந்தும். அதற்காக இஷ்டத்துக்குப் போகலாம் என்று அர்த்தமில்லை. ஆபத்தாக ஓட்டுவது பற்றிய 184-வது பிரிவு, அந்த இடத்தின் தன்மை, பயன்பாடு, போக்குவரத்து எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. டெல்லியில் 2021-ல் வெளியான அறிவிப்பின்படி குடியிருப்புப் பகுதிகளின் உட்சாலைகளில் வரம்பு 30 கி.மீ. சென்னையிலும் 2023 முதல் குடியிருப்புப் பகுதிகளுக்கு அதே 30-தான். உங்கள் ஏரியா பள்ளி அப்படிப்பட்ட தெருவில் இருந்தால், பள்ளியே இல்லாவிட்டாலும் நீங்கள் 30-ல்தான் போக வேண்டும்.

"ஆஸ்திரேலியாவுல அப்படி இல்லையே?"

ஆன்சைட் போய் வந்த நண்பர்கள் இப்படிச் சொல்லக்கூடும். அவர்கள் சொல்வதும் சரிதான். அங்கே நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பெரும்பாலான பள்ளி மண்டலங்களில் 40 கி.மீ. வரம்பு பள்ளி நாட்களில், காலையும் பிற்பகலும் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டுமே அமலில் இருக்கும். தெற்கு ஆஸ்திரேலியாவில் குழந்தைகள் அங்கே இருக்கும்போது 25 கி.மீ. ஆனால், அந்த விலக்கையும் அங்குள்ள விதியும் பலகையுமே தருகின்றன. ஓட்டுநர் தாமாக எடுத்துக்கொள்வதில்லை.

கேட் பூட்டியிருந்தால் பிள்ளைகள் இல்லையா?

இந்தியாவில் ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பள்ளிகளுக்கு ஒரே நாளில் லீவு விடுவார்கள் என்று சொல்ல முடியாது. மாநிலப் பாடத்திட்டம், சிபிஎஸ்இ, கேந்திரிய வித்யாலயா என ஒவ்வொன்றுக்கும் காலண்டர் வேறு. சில பள்ளிகள் ஷிப்ட் முறையில் இயங்குகின்றன.

லீவு நாளிலும் பள்ளிக் கட்டடம் சும்மா இருப்பதில்லை. போட்டித் தேர்வுகள், ஸ்பெஷல் கிளாஸ், தடுப்பூசி முகாம், வாக்குச்சாவடி என்று ஏதாவது நடக்கும். மைதானத்தில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் பந்தைத் துரத்திக்கொண்டு ரோட்டுக்கு வருவார்கள். பள்ளி நாளில் அவர்களை நிறுத்திக் கடக்கவைக்க வாட்ச்மேனோ போலீஸ்காரரோ இருப்பார். லீவு நாளில் அவரும் இருக்க மாட்டார்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 9,528 பேர் 18 வயதுக்கு உட்பட்டவர்கள். மொத்த மரணங்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவை அதிவேகத்தோடு தொடர்புடையவை.

14 மீட்டர் கணக்கு

உங்களுக்கு 14 மீட்டர் முன்னால் ஒரு குழந்தை திடீரென்று ஓடிவருகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி ஆகும்.

30 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு நொடியில் வண்டி சுமார் 8 மீட்டர் போகும். காய்ந்த ரோட்டில், நல்ல பிரேக் இருந்தால் இன்னும் 5 மீட்டரில் நின்றுவிடும். மொத்தம் 13 மீட்டர். குழந்தை தப்பிவிடும்.

50 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு நொடியிலேயே வண்டி சுமார் 14 மீட்டர் போய்விடும். அதாவது, பிரேக் பிடிக்க ஆரம்பிக்கும் முன்பே குழந்தை மேல் மோதியிருப்பீர்கள், வேகம் கொஞ்சமும் குறையாமல்.

ரோடு காலியாக இருப்பதால் இந்தக் கணக்கு மாறாது. காலியாக இருக்கிறதே என்று நாம் அசட்டையாக இருந்தால் அந்த ஒரு நொடி ஒன்றரை நொடியாகலாம்.

இனி நேரத்தைப் பார்ப்போம். 300 மீட்டர் நீளப் பள்ளி மண்டலத்தை 50-ல் கடக்க சுமார் 22 நொடி. 30-ல் கடக்க 36 நொடி. மெதுவாகப் போவதால் நீங்கள் இழப்பது 14 நொடிதான். ஒரு சிக்னலில் காத்திருக்கும் நேரம்கூட இல்லை.

மீறினால் என்ன அபராதம்?

2019 திருத்தத்துக்குப் பிறகு, 183-வது பிரிவின்படி இலகுரக வாகனங்களுக்கு ரூ.1,000 முதல் ரூ.2,000 வரை அபராதம். நடுத்தர, கனரக வாகனங்களுக்கு ரூ.2,000 முதல் ரூ.4,000 வரை. மறுபடியும் சிக்கினால் லைசென்ஸைப் பறிமுதல் செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. சலானில் வசூலிக்கும் தொகை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடலாம்.

அதே சமயம், உங்களுக்கும் பாதுகாப்பு இருக்கிறது. "வேகமா வந்த மாதிரி இருந்தது" என்று ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்வதை மட்டும் வைத்து அதிவேகத்துக்குத் தண்டிக்க முடியாது. கருவியால் அளந்திருக்க வேண்டும். பலகையே இல்லை, மரக்கிளை மறைத்திருந்தது, எண் அழிந்துபோயிருந்தது என்றால், அந்த இடத்தைப் போட்டோ எடுத்துவைத்துக்கொண்டு சலானை எதிர்த்து முறையிடலாம். ஆனால், "அன்னைக்கு ஸ்கூல் லீவு" என்பது மட்டும் செல்லுபடியாகும் காரணம் இல்லை.

அடுத்த முறை பள்ளி அருகே போகும்போது, கேட் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் பலகையைப் பாருங்கள். நேரம் குறிப்பிடாத 30 என்றால், எந்தக் கிழமையாக இருந்தாலும் 30-தான்.