விசா முடிந்த பிறகும் தங்கினால் குற்றமா? அமெரிக்காவில் ஒரு பதில், சிங்கப்பூரில் இன்னொன்று

"விசாதானே முடிஞ்சுபோச்சு? அதுக்காக அவங்க குற்றவாளியா?"

அமெரிக்கக் குடியேறிகள் பற்றிய செய்திகளைப் பார்க்கும்போது பலருக்கும் எழும் கேள்வி இது. அங்கே பதில் ஒன்றல்ல, இரண்டு.

சோதனைச்சாவடிக்குப் போகாமல் எல்லையைத் தாண்டி நுழைவது குற்றம். முதல்முறை என்றால் 6 மாதம் வரை சிறை. ஆனால் முறையான விசாவில் வந்து, காலம் முடிந்தும் தங்குவது மட்டும் குற்றவியல் சட்டத்தில் வராது. அது உரிமையியல் மீறல், அதாவது சிவில் விவகாரம். ஜெயில் தண்டனை இல்லை, நாடுகடத்தலாம்.

சிவில் என்றதும் லேசானது என்று நினைத்துவிட வேண்டாம். குற்ற வழக்கில் வசதியில்லாதவருக்கு அரசாங்கமே வழக்கறிஞரைத் தரவேண்டும். நாடுகடத்தல் வழக்கில் அந்த உரிமை இல்லை. தடுத்து வைக்கவும் முடியும்.

சரி, சிங்கப்பூரில்?

இங்கே அந்தப் பிரிவினையே கிடையாது. 1959ஆம் ஆண்டின் குடிநுழைவுச் சட்டப்படி இரண்டுமே குற்றம். எத்தனை நாள் கூடுதலாகத் தங்கினார் என்பதுதான் கணக்கு.

90 நாள் வரை என்றால் 6 மாதம் வரை சிறை, 4,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும்.

அதைத் தாண்டினால் 6 மாதம் வரை சிறையோடு குறைந்தது 3 பிரம்படி. சட்டவிரோதமாக நுழைந்தவருக்கும் இதேதான். பெண்களுக்கும் 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் பிரம்படி இல்லை. காலம் கடந்து தங்கிய குற்றத்துக்கு அவர்களுக்கு அதற்குப் பதிலாக 6,000 வெள்ளி வரை அபராதம்.

"நான் சிங்கப்பூரர், எனக்கென்ன?" என்கிறீர்களா? வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டால் உங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

தெரிந்தே அடைக்கலம் கொடுத்தால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. 6,000 வெள்ளி வரை அபராதமும் உண்டு. கவனக்குறைவால் நடந்தாலும் 12 மாதம் வரை சிறை, 6,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பாவம் பார்த்து இடம் கொடுத்தேன் என்பது பொதுவாக எடுபடாது.

அதனால் வாடகைக்கு விடுபவர் மூன்று சோதனைகளைச் செய்தாக வேண்டும். முதலில் அசல் அனுமதி அட்டையைப் பார்க்கவேண்டும். வாட்ஸ்ஆப்பில் வந்த படம் போதாது. அடுத்து அதிலுள்ள விவரங்களை அசல் கடப்பிதழோடு ஒப்பிடவேண்டும்.

மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அனுமதி இன்னும் செல்லுபடியாகிறதா என்று அதை வழங்கிய அமைப்பிடமே உறுதிசெய்ய வேண்டும். வேலை அனுமதிக்கு மனிதவள அமைச்சு. மாணவர் அனுமதி போன்றவற்றுக்குக் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையம். இணையத்திலேயே பார்த்துவிடலாம். அட்டையில் அடுத்த வருடத் தேதி இருக்கும். ஆனா வேலை போனதுமே அனுமதி ரத்தாகியிருக்கலாம். அட்டையைப் பார்த்தால் அது தெரியாது.