மதராஸ் வானாய்வகம்

மதராஸ் வானாய்வகம் என்பது கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டிமுடித்த வானியல் நிலையம். 1899இல் அதன் முதன்மைப் பணிகள் கொடைக்கானலுக்கு மாறின. மதராஸ் வானாய்வகம் கப்பலுக்கும் நில அளவைக்கும் வேண்டிய கணக்குகளைத் தரவே ஏற்பட்டது. அங்கே எடுத்த அளவுகள் லண்டன் அறிவியல் சங்கங்களின் இதழ்களில் அச்சேறியதால் இயற்பியல் வரலாற்றிலும் அது இடம்பிடித்தது.

தோற்றம்

சென்னைக்கு அன்று துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகள் அலையில் ஏறி இறங்கிச் சரக்கையும் ஆட்களையும் கரைசேர்த்தன. சோழமண்டலக் கரையின் தீர்க்கரேகை துல்லியமாகத் தெரிவது மாலுமிகளுக்கு உயிர்ப் பிரச்சினை. கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786இல் எழும்பூரில் சொந்தச் செலவில் ஒரு வானாய்வகம் அமைத்தார். கம்பெனி அதை ஏற்றுக்கொண்டபின், கடலோர அளவைகளை நடத்திய மைக்கேல் டாப்பிங் நுங்கம்பாக்கத்துக் கட்டடத்தை எழுப்பினார்.

தொலைநோக்கி இம்மியும் அசையக்கூடாது என்று நடுவில் ஒரே கருங்கல்லில் தூண் நிறுத்தினார்கள். சுமார் 15 அடி உயரம், 10 டன் எடை. தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் அதில் எழுத்து வெட்டியிருக்கிறது. நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்றும் அதைக் காணலாம்.

பீரங்கியில் பிறந்த சோதனை

1820, 1821 ஆண்டுகளில் வானாய்வகத் தலைவர் ஜான் கோல்டிங்காம் ஒலியின் வேகத்தை அளக்கத் துணிந்தார். அதற்குப் புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் சுடும் பீரங்கிகளே போதும். வானாய்வகத்திலிருந்து கோட்டை சுமார் 4 கிலோமீட்டர், பரங்கிமலை சுமார் 9. வெடியின் ஒளி கண்ணில் பட்ட நொடியிலிருந்து ஓசை காதுக்கு எட்டும்வரை கடிகாரத்தில் எண்ண வேண்டும். தூரத்தை அந்த நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைத்துவிடும். வெப்பம், ஈரம், காற்றின் திசை ஆகியவற்றையும் அவர் கூடவே குறித்துவந்தார். மாதச் சராசரிகள் நொடிக்கு ஏறத்தாழ 1,100 அடிக்கும் 1,160 அடிக்கும் இடையே ஏறி இறங்கின. முடிவுகள் 1823இல் ராயல் சொசைட்டியின் ‘பிலசாஃபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ இதழில் வெளிவந்தன.

கோல்டிங்காமுக்குப் பின் தலைவரான டி. ஜி. டெய்லர் 11,015 விண்மீன்களின் இடங்களைத் தொகுத்த அட்டவணையை 1844இல் வெளியிட்டார். அடுத்து வந்த கேப்டன் டபிள்யூ. எஸ். ஜேக்கப் 1855இல் ஒரு பரபரப்பான செய்தியை ராயல் வானியல் கழகத்துக்கு அனுப்பினார்: 70 ஓபியுக்கி என்னும் இரட்டை விண்மீனின் ஓட்டத்தில் தெரிகிற பிசகுக்குக் கண்ணுக்குப் புலப்படாத ஒரு கோள் காரணமாகலாம் என்றார். சூரியக் குடும்பத்துக்கு அப்பாலுள்ள கோளைப் பற்றி முதன்முதலில் எழுந்த அறிவியல் வாதங்களில் இது ஒன்று. பிற்கால அளவீடுகள் அதை ஏற்கவில்லை.

போக்சனும் ரகுநாதாச்சாரியும்

விண்மீன் ஒளிப்படிகளுக்கு இன்றும் வழங்கும் அளவுகோலை 1856இல் வகுத்த நார்மன் போக்சன் 1861இல் பொறுப்பேற்றார். அதே ஆண்டு ஏப்ரலில் அவர் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ‘ஆசியா’ என்று பெயர். ஆசிய மண்ணிலிருந்து கண்ட முதல் சிறுகோள் அது.

1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தின்போது மசூலிப்பட்டினத்தில் இருந்த போக்சன், சூரிய நிறமாலையில், பின்னர் ஹீலியத்துடையது எனத் தெரிந்த மஞ்சள் கோட்டைக் கண்டு குறித்தார். அந்த அறிக்கை மதராஸ் அரசு வெளியீடாக அச்சானதோடு சரி. அதிகம் பேர் கையில் அது சேரவில்லை. ஹீலியத்தைக் கண்டறிந்தவர்களாக ஜான்சன், லாக்யர் என்னும் வானியலாளர்களின் பெயர்களே நிலைத்தன.

போக்சனின் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ‘ஆர் ரெட்டிகுலி’ என்னும் ஒளிமாறும் விண்மீனை இனங்கண்டார். 1872இல் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவர். பஞ்சாங்கக் கணக்கை நேரடி வானாய்வோடு ஒத்துப்போகச் செய்ய முயன்றதோடு, 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளிக் கோள் சூரியனைக் கடக்கும் நிகழ்வைப் பொதுமக்களுக்கு விளக்கும் சிறுநூலும் எழுதினார்.

மதராஸ் நேரம்

வானாய்வகம் கணித்த உள்ளூர் நேரமே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில் அட்டவணைகளுக்கு அடிப்படை ஆயிற்று. 1906இல் இந்தியச் சீர்நேரம் வந்தபோது சென்னைக் கடிகாரங்களைச் சுமார் 9 நிமிடம் முன்னே தள்ளவேண்டியிருந்தது.

பிற்கால வளர்ச்சி

கொடைக்கானலில் ஜான் எவர்ஷெட் 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயு ஆரவாட்டில் பாய்வதைக் கண்டறிந்தார். அது ‘எவர்ஷெட் விளைவு’ எனப்படுகிறது. இந்த மரபில் வந்த இந்திய வானியற்பியல் நிறுவனம் 1971இல் தன்னாட்சி பெற்றது. வானியலாளர் வைணு பாப்பு நிறுவிய காவலூர் ஆய்வகத்தில் 1988 பிப்ரவரியில் ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டார்; கணிதமேதை ராமானுஜன் பெயர் அதற்கு இடப்பட்டது. இந்தியாவிலிருந்து இதற்கு முன் சிறுகோள் கண்டவர் போக்சன், 1885இல்.

2023 செப்டம்பர் 2 அன்று ஏவிய ஆதித்யா எல்1 விண்கலத்தில், சூரிய ஒளிவட்டத்தை ஆராயும் முதன்மைக் கருவியை இந்திய வானியற்பியல் நிறுவனம் உருவாக்கியது. 2024 ஜனவரி 6 அன்று விண்கலம் தன் சுற்றுப்பாதையை அடைந்தது. கொடைக்கானலில் 1904 முதல் சேர்ந்துள்ள சூரியப் படத் தகடுகள் இப்போது எண்மமாக்கப்பட்டு ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன.