வீழ்ந்தவருக்கு மறுவாசல் உண்டோ?

யூபிலி என்ற சொல் இவ்வாண்டு முழுவதும் நம் வாயில் வழங்கி வருகிறது. கொடியேற்றத்தன்று கட்டிய தோரணத்திலும், வீடு வீடாகக் கொடுத்த அழைப்பிதழிலும் அச்சொல்லே முன் நின்றது. அது எங்கிருந்து வந்தது? லேவியராகமம் 25ஆம் அதிகாரம், ஏழேழு ஆண்டுகள் கழிந்து வரும் ஐம்பதாம் ஆண்டை யூபிலி ஆண்டாகக் குறிக்கிறது. பாவப் பரிகார நாளன்று எக்காளம் ஊதப்படும். வறுமையால் விற்ற காணி உரியவனுக்கே திரும்பும். அடிமைப்பட்டவன் தன் குடும்பத்தாரிடம் போய்ச் சேருவான். திருத்தந்தை எட்டாம் போனிபாஸ் 1300ஆம் ஆண்டில் முதல் புனித ஆண்டை அறிவித்தபோது, உரோமையில் திரண்ட திருப்பயணிகள் நாடியது காணியையன்று, பாவப் பொறுத்தலையே. ஆதலின் இம்மலரில் பாவமன்னிப்பின் வரலாற்றைச் சிறிது ஆராய்வது இடத்துக்குப் பொருத்தமே என்று கருதுகிறோம்.

பாவப் பொறுத்தலை விசுவசிக்கிறோம் என்று விசுவாசப் பிரமாணத்தில் நாம் இன்று தயக்கமின்றிச் சொல்லி விடுகிறோம். தொடக்க காலத் திருச்சபைக்கு அது அத்தனை எளிதாக இருக்கவில்லை. ஞானஸ்நானம் சகல பாவங்களையும் கழுவும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. உயிர்த்த ஆண்டவர் அப்போஸ்தலர் மேல் ஊதி, பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தை அவர்களுக்கு அளித்தார் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் ஞானஸ்நானம் பெற்ற பின் ஒருவன் கொலை செய்தால்? விபசாரத்தில் விழுந்தால்? கிறிஸ்துவையே மறுதலித்தால்? கழுவிய ஆடையை மறுபடி சேற்றில் போட்டவனுக்கு இன்னொரு தண்ணீர் உண்டா? இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் எழுந்த ‘எர்மாஸின் மேய்ப்பன்’ என்னும் நூல், உண்டு, ஆனால் ஒரே ஒரு முறை மட்டும், என்று விடை கூறிற்று. கார்த்தேஜ் நகரத் தெர்த்துல்லியன் முதலில் அதனை ஏற்றுக் கொண்டு, பின்னர் கடுமை மிகுந்து, விபசாரிகளுக்கு மன்னிப்பு வழங்கிய ஆயர் ஒருவரைக் கிண்டல் செய்தே ஒரு நூல் எழுதினார். இவையெல்லாம் ஏட்டில் நடந்த வாதங்கள். ஏட்டை விட்டுத் தெருவுக்கு இக்கேள்வி வந்தது 250ஆம் ஆண்டில்.

அவ்வாண்டில்தான் உரோமைப் பேரரசன் தேசியுஸ் தன் குடிகள் அனைவரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என்ற கட்டளையைச் செயற்படுத்தினான். பலியிட்டவருக்கு அதிகாரிகள் ஒரு சான்றுச் சீட்டுக் கொடுத்தனர். எகிப்தின் மணலில் அத்தகைய பப்பைரஸ் சீட்டுகள் நாற்பதுக்கும் மேல் கண்டெடுக்கப்பட்டுள்ளன. பெயர், ஊர், பலியிட்டேன் என்ற வாக்குமூலம், சாட்சியின் ஒப்பம்: இவ்வளவே அதில் இருக்கும். இவ்வளவு சிறிய தாள்தான் திருச்சபையைப் பிளந்தது.

திருத்தந்தை பபியான் சனவரி மாதத்திலேயே வேதசாட்சியானார். ஆனால் எல்லாரும் பபியானாக இருக்கவில்லை. கார்த்தேஜில் நடந்ததை அந்நகர ஆயர் புனித சிப்ரியானே எழுதி வைத்திருக்கிறார். அதைப் படிக்கும்போது நம் முகமும் சற்றே கவிழ்கிறது. இழுத்துச் செல்லப்படும் முன்னரே கிறிஸ்தவர்கள் சந்தைவெளிக்கு விரைந்தார்களாம். பொழுது சாய்ந்துவிட்டது, நாளை வாருங்கள் என்று அதிகாரிகள் சொன்னபோது, இன்றே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சினார்களாம். கைக்குழந்தைகளையும் தூக்கிச் சென்றார்களாம். சிலர் பலியிட்டனர், சிலர் சாம்பிராணி மட்டும் போட்டனர், வேறு சிலர் இரண்டும் செய்யாமல் கைக்கூலி கொடுத்துச் சீட்டை மட்டும் வாங்கிக் கொண்டனர். வேதகலாபனை தணிந்ததும் இம்மூவகையாரும் ஆலய வாசலில் வந்து நின்றார்கள்.

அவர்களை உள்ளே விடுவதா?

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இக்கேள்விக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய சிப்ரியான் கலாபனையின்போது நகரை விட்டு ஒளிந்திருந்தவர். மறைவிடத்திலிருந்து கடிதங்கள் எழுதியே மந்தையை நடத்தினார். ஓடிப்போன மேய்ப்பன் என்ற பழி அவர் மேல் விழுந்தது. சிறையில் வாடிய விசுவாசிகளுக்கோ மக்களிடையே பெரும் மதிப்பு. வீழ்ந்தவர்கள் அவர்களைத் தேடிச் சென்று பரிந்துரைச் சீட்டுக் கேட்டார்கள். அவர்களும் இன்னாரைச் சேர்த்துக் கொள்ளுங்கள், அவர் வீட்டாரையும் சேர்த்துக் கொள்ளுங்கள் என்று தாராளமாக எழுதிக் கொடுத்தார்கள். ‘வீட்டார்’ என்றால் இருபது பேரா, முப்பது பேரா என்று சிப்ரியான் கேட்டதில் நியாயம் உண்டு. தேவர்களுக்குப் பலியிட்டதற்கு ஒரு சீட்டு, அதைக் கழுவுவதற்கு இன்னொரு சீட்டு என்றானால் மனஸ்தாபத்துக்கு இடமேது?

ஆயினும் அக்கடிதக் கட்டிலேயே நம் நெஞ்சைத் தொடும் ஒரு கடிதம் இருக்கிறது. உரோமையில் சிறையும் வேதனையும் அனுபவித்து உறுதியாய் நின்ற செலெரினுஸ் என்பவர், கார்த்தேஜ் சிறையிலிருந்த தம் நண்பர் லூசியானுஸுக்கு எழுதியது. வீழ்ந்துவிட்ட தம் சகோதரிகளுக்காக மன்றாடுகிறார். உயிர்ப்புத் திருவிழா மகிழ்ச்சியிலும் இரவும் பகலும் அழுதேன் என்கிறார். அப்பெண்கள் சும்மா இருக்கவில்லை. கார்த்தேஜிலிருந்து தப்பி வந்தவர்களைத் துறைமுகத்தில் எதிர்கொண்டு அழைத்து வந்து, 65 பேருக்குப் பணிவிடை செய்து கொண்டிருந்தார்கள். தம் வீழ்ச்சியைப் பேச்சால் மறைக்காமல், வீழாதவர்களுக்கு ஊழியம் செய்து கொண்டு வாசலில் காத்திருந்தார்கள். இத்தகையவரை வெளியே நிறுத்தி வைப்பது எளிதா?

251இல் கார்த்தேஜில் ஆயர்கள் கூடினர். சீட்டு மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்ப்பது, பலியிட்டவர்கள் நீண்ட தவம் செய்ய வேண்டும், ஆனால் மரணத் தறுவாயில் அவர்களுக்குச் சமாதானம் மறுக்கப்படலாகாது, இவ்வாறு முடிவாயிற்று. வீழ்ந்தவர் எல்லாரும் ஒரே தட்டில் நிறுக்கப்படவில்லை என்பதே இதில் நாம் கவனிக்கத் தக்கது. மனைவி மக்களைக் காப்பாற்றத் தான் ஒருவன் மட்டும் பலியிட்டதும், தானே ஓடிப்போய் மற்றவர்களையும் இழுத்துச் சென்றதும் ஒன்றாகுமா என்று சிப்ரியான் கேட்டார்.

பின்னர் கால்லுஸ் மன்னன் காலத்தில் மறுபடி கலாபனை மேகம் சூழ்ந்தபோது, ஆயர்கள் இன்னும் ஒரு படி முன்னே வந்தனர். தவம் செய்து கொண்டிருந்த அனைவருக்கும் உடனே சமாதானம் கொடுத்தனர். போருக்குப் போகிறவனை நிராயுதபாணியாய் அனுப்பலாகாது, கிறிஸ்துவின் இரத்தத்தைப் பருகாதவனிடம் கிறிஸ்துவுக்காக இரத்தம் சிந்தச் சொல்வது எங்ஙனம் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஓடி ஒளிந்த சிப்ரியான் 258ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் வாளுக்குத் தலை கொடுத்தார் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். அச்சம் இன்னதென்று அறிந்தவர் ஆகையால்தான் அஞ்சியவரை அவரால் எடைபோட முடிந்தது என்று நமக்குத் தோன்றுகிறது.

எல்லாரும் இதற்கு இசையவில்லை. உரோமையில் நொவாசியான் என்ற கற்றறிந்த குரு, கொர்னேலியுஸ் திருத்தந்தைக்கு எதிராகத் தம்மையே ஆயராக்கிக் கொண்டார். மறுதலித்தவனைக் கடவுள் மன்னிப்பாராயின் மன்னிக்கட்டும், திருச்சபை மன்னிக்க வல்லதன்று என்பது அவர் கட்சியின் கொள்கை. அவரைத் தூற்றுவது எளிது. சிறையில் தந்தையைப் பறிகொடுத்த ஒரு மகன், சீட்டு வாங்கிய பக்கத்து வீட்டுக்காரனோடு ஒரே நற்கருணைப் பந்தியில் அமர வேண்டுமானால், அவன் மனம் என்ன பாடுபடும்? நொவாசியானின் கூட்டம் நூற்றாண்டுகள் நீடித்ததற்கு இந்தப் புண்ணும் ஒரு காரணமாய் இருந்திருக்கலாம். தங்களைத் ‘தூயவர்’ என்று அழைத்துக் கொண்ட அவர்கள், வீழ்ந்தவரோடு உறவாட உடன்பட்டால் திரும்பி வரலாம் என்று 325இல் நிசேயா பொதுச்சங்கம் விதித்தது. அச்சங்கமே, சாகுந்தறுவாயில் இருப்பவன் எவனுக்கும் நற்கருணையாகிய வழித்துணை மறுக்கப்படலாகாது எனவும் கட்டளையிட்டது. அங்கு வந்த நொவாசியான் கட்சி ஆயர் அசேசியுஸிடம், அப்படியானால் நீர் ஒரு ஏணி வைத்துத் தனியே மோட்சம் ஏறும் என்று கொன்ஸ்தந்தீன் மன்னன் சொன்னதாகச் சரித்திர ஆசிரியர் சோக்ரத்தேஸ் எழுதுகிறார்.

இவ்வாறு வாசல் திறந்தது. திறந்த வாசலோ மிகக் குறுகலானது. பெரும் பாவம் செய்தவர் ஆயரிடம் முறையிட்டு, தவம் செய்வோர் வரிசையில் சேர்ந்து, சாம்பலும் கோணியும் தரித்து நிற்க வேண்டும். உரோமையில் பெரிய வியாழனன்று அவர்களை மீண்டும் சேர்த்துக் கொள்வர். உயர்குடிப் பெண்ணான பபியோலா கூந்தல் கலைந்தவளாய் இலாத்தரன் ஆலயத்தில் அவ்வரிசையில் நின்றதைப் புனித எரோணிமுஸ் வருணித்திருக்கிறார். பின்பு நோயாளிகளுக்கு விடுதி அமைத்தவள் அவளே. ஆனால் இத்தவம் வாழ்வில் ஒரே முறை. சமாதானம் பெற்ற பின்னும் போர்ச்சேவை கூடாது, குருத்துவம் கூடாது, பல இடங்களில் இல்லறமும் கூடாது. விளைவு என்னவென்றால், மக்கள் மன்னிப்பைச் சாகும் நேரத்துக்கு ஒத்திப் போட்டார்கள். மருந்து கசப்பு மிகுந்து போனதால் நோயாளி வைத்தியரிடமே வரவில்லை. பாவங்களைத் தாளில் எழுதிச் சபையில் வாசிக்கும் வழக்கம் சில ஊர்களில் தலைகாட்டியபோது, 459இல் பெரிய லெயோ திருத்தந்தை அதைக் கண்டித்து, குருவிடம் மறைவாய்ச் சொல்வதே போதும் என்று எழுதினார்.

மாற்றம் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. அயர்லாந்தின் துறவிகள் தம் மடங்களில் வழங்கிய முறையை, புனித கொலம்பானுஸ் போன்றோர் ஐரோப்பாவின் பெருநிலத்துக்குக் கொண்டு வந்தனர். குருவிடம் இரகசியமாய்ச் சொல். இன்ன பாவத்துக்கு இன்ன அபராதம். விழுந்தால் மறுபடி வா. 589இல் தொலேதோவில் கூடிய ஆயர்கள், பாவம் செய்யும் போதெல்லாம் மன்னிப்புக் கேட்பது அருவருக்கத்தக்க துணிச்சல் என்றனர். அறுபது ஆண்டுகள் போல் கழிந்து, பிரான்சின் ஷாலோன் நகரில் கூடிய ஆயர்கள் இதே முறையை ஆன்மாவுக்கு மருந்து என்று பாராட்டினர். இரு திறத்தாரும் கத்தோலிக்க ஆயர்களே. இன்று நாம் வாடிக்கையாகச் செய்யும் பாவசங்கீர்த்தனம் ஒரு காலத்தில் புதுமையென்று கடியப்பட்டது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பிறகு நடந்தவற்றை விரைந்து சொல்லிச் செல்லலாம். 1215இல் நான்காம் இலாத்தரன் சங்கம் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமென விதித்தது. கேட்டதை வெளியிடும் குருவைப் பதவி நீக்கி ஆயுள் முழுவதும் மடத்தில் தவம் செய்ய வைக்கவும் ஆணையிட்டது. பின்னாளில் பலன்களைப் பணத்தோடு பிணைத்த சீர்கேடு புகுந்ததும், 1517இல் மார்ட்டின் லூத்தர் அதை எதிர்த்து எழுந்ததும் எல்லாரும் அறிந்ததே. அவமானத்துக்குரிய அப்பகுதியை நாம் மறைக்கத் தேவையில்லை. திரிதெந்தீன் சங்கம் 1551இல் இவ்வருட்சாதனத்தின் படிப்பினையை விளக்கிற்று. மிலான் பேராயர் புனித சார்லஸ் பொரோமேயோ, குருவுக்கும் பாவிக்கும் இடையே பலகையும் சல்லடைத் தகடும் வைத்த தொட்டியைத் தம் மேற்றிராசனம் எங்கும் பரவச் செய்தார். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வயது நானூற்றைம்பது ஆண்டுகளே. அப்போஸ்தலர் காலத்தில் அது இல்லை.

மிலானில் தச்சர்கள் தொட்டி செய்து கொண்டிருந்த அதே காலத்தில், நம் கடற்கரையில் வேறொரு வேலை நடந்தது. 1546இல் இந்தியா வந்து, முத்துக்குளித்துறையில் தம் வாழ்நாளைக் கழித்த சேசுசபைக் குரு அண்டிறீக்கி அடிகளார் தமிழை ஊன்றிக் கற்றார். மற்ற ஊழியங்களுக்குத் துபாஷி போதும், பாவசங்கீர்த்தனத்துக்குப் போதுமா? துபாஷியும் இரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்டவரே என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது. இருந்தாலும் தன் வெட்கத்தை மூன்றாம் ஆள் வாயிலாகச் சொல்ல எவருக்குத்தான் மனம் வரும்? 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’, 1579இல் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’, 1580இல் கொச்சியிலேயே ‘கொம்பெசியொனாயரு’. மூன்றாவது நூல் முழுக்க முழுக்கப் பாவசங்கீர்த்தனத்துக்கானது. தமிழில் அச்சேறிய முதல் நூல்களுள் ஒன்று பாவமன்னிப்புப் பெறும் வழியைச் சொல்லும் நூல்! காணாமற்போனதாக நெடுங்காலம் எண்ணப்பட்ட அதன் பிரதி ஒன்று ஆக்ஸ்போர்டில் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

1973இல் வெளியான புதிய சடங்கு முறை இதற்கு ‘ஒப்புரவு’ என்ற பொருளை முன்னிறுத்தியது. முகத்துக்கு முகம் அமர்ந்து பேசவும் வழி செய்தது. நம் பங்கில் முதியோர் இன்னமும் ‘பாவசங்கீர்த்தனம்’ என்றே சொல்கிறார்கள். இளைஞர் ‘ஒப்புரவு அருட்சாதனம்’ என்கிறார்கள். பெயர் எதுவாயினும், ஏதோ ஒரு பழைய பிழையை மனத்தில் வைத்துக் கொண்டு, பல்லாண்டுகளாய்ப் பூசைக்கு வந்தும் பின்சுவரோடு நின்று திரும்புகிறவர்கள் நம்மிடையே உண்டு. இனி எனக்கு என்ன இருக்கிறது என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நொவாசியானும் அதையேதான் சொன்னார். திருச்சபை அவர் பக்கம் தீர்ப்பளிக்கவில்லை.

யூபிலி நவநாட்களில் மாலை ஐந்து மணி முதல் அண்டைப் பங்குகளின் குருக்களும் வந்து அமர்வார்கள். பழைய தொட்டியின் முழந்தாள்படியிட்ட பலகை தேய்ந்து குழிந்திருக்கிறது. அதை மாற்ற வேண்டாம் என்று விழாக் குழுவிடம் கேட்டுக் கொண்டிருக்கிறோம்.