க்யூப்ஸ் இயங்குதளம்: வன்பொருள் மெய்நிகராக்கக் கோளாறு

போலந்தின் ஜோவன்னா ருட்கோவ்ஸ்கா தொடங்கிய க்யூப்ஸ் (பதிப்பு 1.0, 2012), ஒவ்வொரு வேலையையும் ஸென் மெய்நிகராக்க மென்பொருளின் மேல் தனி மெய்நிகர் கணினியில் அடைத்து வைக்கிறது. 2018-இல் வந்த 4.0 பதிப்பு முதல் இன்டெலின் விடி-எக்ஸ் (செயலி மெய்நிகராக்கம்), விடி-டி (சாதனங்களின் நினைவக அணுகலைக் கட்டுப்படுத்துவது) அல்லது அவற்றுக்கு இணையான ஏஎம்டி வசதிகள் தேவை. நிறுவும்போது 'வசதி இல்லை' என்ற எச்சரிக்கை வந்தால் உடனே கணினியைப் பழிக்க வேண்டாம். பயாஸில் அவை அணைந்திருக்கலாம். விடி-எக்ஸ், விடி-டி இரண்டுக்கும் பெரும்பாலும் தனித்தனி அமைப்புகள் உண்டு. ஒன்றை இயக்கிவிட்டு மற்றதை மறப்பது எளிது. 'எக்ஸ்எல் இன்ஃபோ' கட்டளை 'எச்விஎம்' என்பதை மட்டும் காட்டி 'டைரக்ட்ஐஓ'வைக் காட்டாவிட்டால், குறை விடி-டியில்.

விடி-டி இல்லாவிட்டாலும், பிணையத்தைக் கையாளும் மெய்நிகர் கணினியைப் பழைய 'பிவி' (பகுதி மெய்நிகராக்க) முறைக்கு மாற்றினால் ஓடுமே என்பர். ஓடும்தான். ஆனால் விடி-டி இல்லையெனில், தாக்குபவர் கைப்பற்றிய வைஃபை அட்டை மற்ற மெய்நிகர் கணினிகளின் நினைவகத்தை நேரடியாகத் தொடலாம். பிறகு பிரித்து வைத்ததற்கே பொருளில்லை. விடி-டியோ அதற்கு இணையான வசதியோ இல்லாத கணினி க்யூப்ஸுக்கு உதவாது.